தூங்குமூஞ்சி மரத்துக்கு வலிக்குமா?

மும்பைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், நடிகர் வீட்டு வாசலைப் பார்ப்பார்கள், நேரம் மிச்சமிருந்தால் அங்கே வேலையில் இருக்கும் மகனையும் பார்ப்பார்கள். நான் ஒரு மரத்துக்குச் சாட்சி சொல்லப் போனேன்.

கூப்பிட்டவள் விஜி. மதுரையில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தபோது என் பக்கத்து இருக்கை. மும்பை மாட்டுங்காவில் பிறந்தவள். அப்பாவுக்கு மாற்றல் என்று மதுரைக்கு வந்து, தாவரங்களைப் பற்றி அறியவேண்டியதையெல்லாம் அறிந்துகொண்டு, உடனே மும்பைக்குத் திரும்பி வங்கியில் சேர்ந்துவிட்டாள். எனக்கு அப்படித் தப்பிக்கத் தெரியவில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். செடியின் ஒரு இலையைக் கிள்ளினால் மற்ற இலைகளுக்கு அந்தச் செய்தி எப்படிப் போகிறது என்பது என் ஆராய்ச்சி. என் மாமியார் இதை, "எங்க மருமவ காலேஜ்ல இலை கிள்ளுதா" என்று ஊருக்குச் சுருக்கமாக விளக்குவார்.

"ஏய் கமலா, எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டி வாசல்ல பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கோன்னோ, அத வெட்டப் போறாளாம். கார் நிறுத்த எடம் வேணுமாம்," என்றாள் விஜி போனில். "ஞாயித்துக்கெழம மீட்டிங். நீ வந்து, மரத்துக்கு வலிக்கும், அது அழும்னு சொல்லணும்."

"மரம் அழாது விஜி."

"அதெல்லாம் நாகர்கோவில்ல வச்சுக்கோ. நான் சொன்னா பைத்தியங்கறா. நீ சொன்னா சயின்ஸ். கெளம்பி வா."

கோடை விடுமுறை. வீட்டில் இருந்தால் மாமியாரோடு வடகம் பிழியவேண்டும். மரத்தின் மீது திடீரென்று எனக்குப் பெரும் கருணை பிறந்தது.

கையில் ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடி. சாட்சி சொல்லப் போகிறவள் சான்றோடு போகவேண்டாமா? ரயில் நகர்ந்ததும் செடி பயந்து எல்லா இலைகளையும் மூடிக்கொண்டது. எதிரே இருந்த பெரியவர், "செடி செத்துப்போச்சே மேடம்" என்று ஆறுதல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அது இலைகளை விரித்துக்கொண்டது. அதன்பின் வண்டி எப்படி உலுக்கினாலும் கண்டுகொள்ளவே இல்லை. இந்த ஆட்டம் தன்னைத் தின்னப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் அந்தச் செடி மூடுவதை நிறுத்திவிடும். பெரியவர் அப்படியில்லை. குலுங்கும்போதெல்லாம் ரயில்வேயைத் திட்டிக்கொண்டே மும்பைவரை வந்தார். மூளை இருப்பதன் கஷ்டம் அது.

குர்லாவில் விஜி காத்திருந்தாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் காதளவு வெட்டியிருந்தாள்.

"என்னடி, ஸ்டைலெல்லாம் பலமா இருக்கு?"

"வெயிலுக்குத்தான். நட, ரெண்டு ஸ்டேஷன்தான். ஆட்டோக்காரனெல்லாம் வரமாட்டான்."

எங்கள் ஊரில் கூட்டமான பஸ் என்றால் ஏறமுடியாது என்று பொருள். மும்பை லோக்கல் ரயிலில் ஏறுவது பிரச்சினையே இல்லை. பின்னால் இருப்பவர்கள் ஏற்றிவிடுகிறார்கள். மகளிர் பெட்டிக்குள் நான் செடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். "குழந்தைக்கு வழிவிடுங்கள்" என்று ஒரு மராத்திப் பெண் சத்தம் போட்டாள். பூந்தொட்டி என்று தெரிந்தபிறகும் அந்தச் சலுகை தொடர்ந்தது. இலையைத் தொட்டுப் பார்க்க ஒரு சின்ன வரிசையே உண்டாயிற்று. "ஐயோ, வெட்கப்படுகிறது பார்!" "எங்கள் வீட்டு மருமகளுக்கு ஒன்று கொடுங்கள்!"

சன்னலோரம் ஒருத்தி மடியில் பையை விரித்து வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெட்டி முழுக்கப் பச்சை வாசம். எல்லோரும் மூச்சை இழுத்து, "ஆகா" என்றார்கள். கிள்ளப்பட்ட இலை காற்றில் விடும் அபாய அறிவிப்பு அது என்று சொல்ல வாயெடுத்தேன். விஜி முறைத்தாள். இந்த ரசமான பரிமாற்றத்துக்கு நடுவே நாங்கள் இறங்கவேண்டிய செம்பூர் வந்தது, நின்றது, போனது. வாசல்வரை போய்ச்சேர எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. மான்குர்த்தில்தான் இறங்க முடிந்தது. மும்பையில் நான் இலவசமாகச் சுற்றிப்பார்த்த முதல் இடம் அது.

மறுநாள் காலை என் கட்சிக்காரரைச் சந்தித்தேன்.

நல்ல மரம். செம்பூரின் அந்தத் தெரு முழுவதற்கும் அது ஒன்றே கூரை. மனிதர்கள் அதற்குச் செய்யக்கூடிய மரியாதைகளையெல்லாம் செய்திருந்தார்கள். அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு சிமெண்ட் கட்டைகள் பதித்திருந்தார்கள். பல் டாக்டர் விளம்பரத்தை ஆணியால் அறைந்திருந்தார்கள். தெருப்பக்கம் நீண்ட பெரிய கிளையில் பண்டிகை விளக்குக்காக ஒரு கம்பியை இறுக்கிச் சுற்றி, பிறகு அவிழ்க்க மறந்துவிட்டார்கள். கிளை பருத்து வளர, கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. அதற்கு மேலே தட்டுத்தட்டாகக் காளான். நுனியில் பேருக்குச் சில இலைகள். வாட்ச்மேனிடம் நீளக் கழி வாங்கித் தட்டினேன். பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தது.

அந்தக் கிளைக்கு நேர் கீழே ஒரு பெண் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, என்ன அப்படிப் பாக்கிய? நம்ம ஊரா?" என்றாள். தட்டில் இட்லியை வைத்து, கேட்காமலே சட்னியை ஊற்றினாள். பெயர் பேச்சியம்மாள். பூர்விகம் நாங்குநேரிப் பக்கம். இருப்பது தாராவி. "நாரோயில்னா நம்ம ஊருதான. சாப்புடுங்க."

இட்லி என் மாமியார் இட்லியைவிட நன்றாக இருந்தது. இதை நான் தமிழ்நாட்டில் சொல்லப்போவதில்லை.

சொசைட்டியின் வாட்ஸாப் குழுவை விஜி எனக்குக் காட்டினாள். அங்கே இரண்டு கட்சிகள். ஒன்று கார்க் கட்சி. மரத்தால் சளி, கொசு, பறவை எச்சம், தீவிரவாதம் எல்லாம் வருகிறது என்பது அதன் கொள்கை. மற்றது விஜியின் கண்ணீர்க் கட்சி. வெட்டினால் மரம் கதறும், நம் காதுக்குத்தான் கேட்காது, அந்தப் பாவம் வெட்டச் சொன்னவர் வீட்டில் இறங்கும் என்று தினமும் காலை வணக்கத்தோடு அனுப்பிக்கொண்டிருந்தது. கிளைக்குக் கீழே ஒரு பெண் இருப்பதைப் பற்றி இரண்டு கட்சியிலும் ஒரு வரி இல்லை. அவள் குழுவில் உறுப்பினர் இல்லையே.

"விஜி, அந்தத் தெருப்பக்கக் கிளை உளுத்துப்போச்சு. மழைக்கு முன்னாடி எடுத்துடணும்."

"ஒரு கெளைன்னு ஆரம்பிச்சா முழுசா முடிச்சுடுவா. நீ அதப் பத்திப் பேசாதே. உனக்குத் தோசையா, சேவையா?"

விஜியின் கணவர் ரமணி செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தாளை மறுபடி ஏற்றிக்கொண்டார். ரமணி பேசி நான் கேட்டதே இல்லை. திருமணத்தன்றுகூட மந்திரத்தை வாத்தியார்தான் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்பது என் சந்தேகம்.

சனிக்கிழமை மத்தியானம் பேச்சியம்மாள் என்னைத் தாராவிக்கு அழைத்துப்போனாள். விஜி வீட்டின் தூய சைவத்திலிருந்து சில மணி நேரம் விடுதலை என்று உற்சாகமாகக் கிளம்பினேன். தாராவியைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வந்து ஒரு வழிகாட்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களையும் படமெடுத்தார்கள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டிய சந்து. வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடியது. தமிழில் சண்டை, இந்தியில் பாட்டு. பேச்சியின் வீடு கீழே சமையல், ஏணி ஏறினால் படுக்கை. சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். பேச்சு நின்றுபோகும் அளவுக்குச் சாப்பிட்டேன். பிறகு கேட்டேன்.

"பேச்சி, அந்தக் கொம்பு எந்நேரமும் விழும். வண்டியத் தள்ளி வைக்கக் கூடாதா?"

"எங்கக்கா தள்ள? இந்தப் பக்கம் கேட்டு. அந்தப் பக்கம் வடாபாவ்காரன் எடம். ஒரு நா நவுந்தேன்னு வையிங்க, மக்யா நா அங்கன வேற ஒருத்தன் நிப்பான்."

"மேல விழுந்தா?"

"போன மழைக்கு ஒரு சின்னக் கொம்பு விழுந்துச்சி. சாம்பார்ப் போணி நசுங்கிப்போச்சி. எனக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல பயந்து பயந்து மேலயே பாத்துட்டு இருப்பேன். இப்பம் பழகிப்போச்சில்லா."

செடி பழகிக்கொண்டால் அதை நாங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதுகிறோம். மனிதர்கள் பழகிக்கொண்டால் மும்பையின் மனவுறுதி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ரயில் குலுங்கியது செடியைத் தின்னவில்லை, சரி. இந்தக் கிளை அப்படியில்லை. கருவாட்டுக் குழம்பு உள்ளே போனபிறகு, இதைச் சொல்லாமல் இருப்பது எனக்கு முடியாத காரியமாகிவிட்டது.

கூட்டத்தை இரவில் வைக்கத்தான் செக்ரட்டரி விரும்பினார். என்னோடு வந்த பேச்சாளர் சூரியன் மறைந்ததும் இலையை மூடித் தூங்கிவிடுவார் என்று விளக்கி, ஞாயிறு காலைக்கு மாற்றவைத்தேன். காலை பத்து என்றால் எங்கள் ஊரில் பதினொன்று. இங்கே பன்னிரண்டு. பெருநகரம் அல்லவா?

செக்ரட்டரி பிரதான் ஓய்வுபெற்ற எஞ்சினியர். கார்க் கட்சித் தலைவர். ஆனாலும் எனக்கும் விஜிக்கும் ரோஜாப்பூ கொடுத்தார். எனக்கு மும்பை இந்தி புரியும், என் இந்திதான் மும்பைக்குப் புரியாது. ஆகவே நான் தமிழில் பேச, விஜி இந்தியில் சொல்வதென்று ஏற்பாடு.

முதலில் பூந்தொட்டியை உலுக்கிக் காட்டினேன். இலைகள் அசையவே இல்லை. "போலிச் செடி" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. "ஆட்டத்துக்கு இது பழகிவிட்டது. இப்போது பாருங்கள்" என்று தீக்குச்சியைப் பற்றவைத்து, ஒரு இலையின் நுனியில் மட்டும் காட்டினேன். நுனியிலிருந்து சோடி சோடியாக மூடிக்கொண்டே வந்து, காம்பு தொங்கி, நெருப்பே படாத அடுத்த இலையும் மூடிக்கொண்டது. சிரிப்பு நின்றது. கார்க் கட்சிக்காரர் ஒருவர் தம் கையைத் தாமே தடவிக்கொண்டார்.

"ஒரு புழு இலையைக் கடிக்கிறது என்று வையுங்கள்," என்றேன். "கடித்த இடத்தில் செல்கள் உடைகின்றன. உள்ளே இருந்த குளுட்டமேட் கசிகிறது. தெருமுனையில் சைனீஸ் வண்டிக்காரர் நூடுல்ஸில் தூவுகிறாரே ஒரு சுவை உப்பு, அதில் இருப்பதும் இதுதான். பக்கத்துச் செல்கள் அந்தக் கசிவை உணர்கின்றன. உடனே அவற்றுக்குள் கால்சியம் பாய்கிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு என்று அந்தக் கால்சியம் அலையும், கூடவே மெல்லிய மின்துடிப்பும் தூரத்து இலைக்குப் போய்ச்சேர்கின்றன. நரம்பு கிடையாது, ஆனாலும் செய்தி போகிறது. காயமே படாத அந்த இலை ஜாஸ்மோனிக் அமிலம் என்று ஒரு ஹார்மோனைச் சுரந்து, அடுத்து வரும் புழுவின் வயிற்றைக் கெடுக்கச் சரக்குத் தயார் செய்கிறது."

விஜி இந்தியில் சொன்னாள்: "மரம் துடிக்கிறது. தன் குடும்பத்தில் எல்லோரையும் கூப்பிட்டு அழுகிறது."

எனக்கு இந்தி புரியும் என்பதை அவள் மறந்திருக்கமாட்டாள். அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

பிரதான் எழுந்தார். "மேடம், ஒரே வார்த்தை. வலிக்குமா, வலிக்காதா?"

"வலியை உணர மூளை வேண்டும். மரத்துக்கு அது கிடையாது. காயம் பட்டது அதற்குத் தெரியும். என்ன செய்யவேண்டும் என்றும் தெரியும். வலிக்கிறது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை."

"பயங்கரமாக வலிக்கும்," என்று மொழிபெயர்த்தாள் விஜி.

கண்ணீர்க் கட்சி கைதட்டியது. "அப்படியானால் மயக்கமருந்து கொடுத்து வெட்டலாம்" என்றது கார்க் கட்சி. இந்தச் சத்தத்துக்கு நடுவே, பேசாதே என்று விஜி சொல்லியிருந்ததைப் பேசினேன்.

"இந்த மரத்தை வெட்டக்கூடாது. அது நன்றாக இருக்கிறது. ஆனால் தெருப்பக்கத்துக் கிளையை உடனே எடுக்கவேண்டும். நீங்கள் கட்டிய கம்பி பட்டையை அறுத்து, காளான் புகுந்து, உள்ளே கூடாகிவிட்டது. கீழே தினமும் ஒரு பெண் நின்று வேலை செய்கிறாள். அது அவள் தலையில்தான் விழும்."

விஜி என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்கவில்லை. கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. அவள் கையிலிருந்த ரோஜாவை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். ரமணி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே இந்தியில் சொன்னார். கம்பி, பட்டை, காளான், கீழே நிற்கும் பெண். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் அவர்தான் சொன்னார். அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமெண்ட் கட்டைகளைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடவேண்டும், அங்கே கார் நிற்கக்கூடாது என்றேன். அங்கே நிற்பது அவருடைய கார்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அதையும் அவர் முகம் மாறாமல் மொழிபெயர்த்தார்.

முடிவு: கிளையை வெட்டுவது, மரத்தை விடுவது, கட்டைகளைப் பெயர்ப்பது. இரு கட்சிக்கும் அதிருப்தி. எங்கள் கல்லூரிக் கூட்டங்களில்கூட இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

அன்று முழுவதும் விஜி என்னோடு பேசவில்லை. என் தட்டில் சாதத்தை வைத்த விதத்தில் பேசினாள். மறுநாள் திங்கட்கிழமை காலை, "கெளம்பு, மாட்டுங்கா போலாம்" என்றாள். ஊருக்கு வண்டியேற்றிவிடத்தான் போகிறாளோ என்று பெட்டியைப் பார்த்தேன். "பெட்டி வேண்டாம்," என்றாள்.

மாட்டுங்காவில் இறங்கினால் எங்கே இருக்கிறோம் என்று குழம்பும். கதம்பம், வாழையிலை, அப்பளம், முழம் போடும் பூக்காரர், கோயில் மணி. மயிலாப்பூரை யாரோ சுத்தமாகத் துடைத்து இங்கே வைத்ததுபோல் இருந்தது. விஜி சின்ன வயதிலிருந்து போகும் சாப்பாட்டுக் கடை ஒன்றில் காபி சொன்னோம். டபராவில் வந்த காபி நாகர்கோவிலில் எனக்குக் கிடைப்பதைவிட நன்றாக இருந்தது. தமிழ்நாட்டின் கௌரவத்துக்கு மும்பையில் ஏற்படும் நஷ்டத்தை நான் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

"போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆச்சு," என்றாள் விஜி. "எடது பக்கம். முழுசா எடுத்துட்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டதும் புரிந்தது.

"டிபனா, சாப்பாடா?" என்றார் பரிமாறுகிறவர்.

"ஒரு ரவா தோச, ஒரு வடை," என்று விஜி அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மூணு டாக்டர் உக்காந்துண்டு இங்கிலீஷ்ல பேசறா. கமிட்டி மாதிரி. எனக்குக் காது அடைச்சுப்போச்சு. இங்கிலீஷ் மறந்துபோச்சுடி, கேட்டியா. முப்பது வருஷம் பேங்க்ல இங்கிலீஷ்லயே எழுதிண்டிருந்தவளுக்கு. இவர்தான் தமிழ்ல சொன்னார். இப்படி இப்படி இருக்கு, இத எடுக்கணும், எடுக்கலன்னா பரவிடும். நேத்திக்குச் சொன்னாரே, அதே மாதிரி. ஒரு வார்த்த கூட்டாம, கொறைக்காம."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் கொரல மாத்திண்டு பேசறா. எதுத்த ஃப்ளாட் மாமி என்னப் பாத்தாலே கோயில்ல பேசற மாதிரி பேசறா. நீ ஒருத்தியாவது போன் பண்ணி மாமியாரத் திட்டிண்டிரு, எனக்கு அது போறும்னு இருந்தது."

போன வருடம் முழுக்க அவளுக்குப் போன் செய்து மாமியாரைத் திட்டியிருக்கிறேன். வடகம், மருந்து, டிவி சத்தம் என்று ஒன்று விடாமல். அவள் ஊம் கொட்டிக் கேட்டிருக்கிறாள். கீமோ ஏறிக்கொண்டிருந்த நாட்களிலும் கேட்டிருப்பாள்.

"எல்லாரும் வலிக்காது, வலிக்காதுன்னுதான் சொன்னா. மயக்கத்துல என்ன தெரியும்? ஆனா முழிச்சதும் ஒடம்பு பூரா தெரிஞ்சுதுடி. கால் வெரலுக்குக்கூடத் தெரிஞ்சுது. அந்த மரத்த வெட்டணும்னு பிரதான் சொன்னப்போ, இவாளுக்கு வெட்டறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாதான்னு ஆத்தாமையா வந்துடுத்து. நீ வந்து சொல்லுவேன்னு பாத்தா, நீயும் வெட்டுங்கறே."

ரவா தோசை வந்தது. என் கண் கலங்கியதைப் பார்த்துப் பரிமாறுகிறவர், "மிளகா அதிகமா மேடம்?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ரிப்போர்ட்டெல்லாம் நன்னா இருக்கு. கையத்தான் முழுசாத் தூக்க முடியல. லோக்கல்ல கம்பியப் புடிக்க முடியாது. அதான் அன்னிக்குச் செம்பூர்ல எறங்க முடியல. உன்னோட செடியால இல்ல." வடையைப் பிய்த்து எனக்குப் பாதி வைத்தாள். "அந்தக் கெளை நெஜமாவே உளுத்துப்போச்சா?"

"நெஜமா."

"சரி."

மழைக்கு முன்னால் ஆபத்தான கிளைகளை வெட்டும் மாநகராட்சி ஆட்கள் அந்த வாரமே வந்தார்கள். அரசாங்க வேலை சொன்ன வாரத்தில் நடந்ததால் சொசைட்டி முழுவதும் பால்கனிக்கு வந்து வேடிக்கை பார்த்தது. என் பயணத்தை நான் தள்ளிவைத்திருந்தேன். மாமியாரிடம் ஆராய்ச்சி என்று சொன்னேன். வடகம் காய்ந்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

விஜி வரமாட்டாள் என்று நினைத்தேன். ரமணியோடு கீழே வந்து நின்றாள். பேச்சியின் வண்டியைக் கேட்டுக்கு உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். மேலே ஏறியவர் கிளையைக் கயிற்றில் கட்டி, அது அடிமரத்தோடு சேரும் இடத்து வளையத்தை ஒட்டி அறுக்கத் தொடங்கினார். ரம்பச் சத்தம் கேட்டதும் விஜி ரமணியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார். ரம்பம் பாதிகூடப் போகவில்லை. கிளை தானாகவே முறிந்து கயிற்றில் தொங்கியது. உள்ளே ஒரு ஆள் கையை விடலாம். அவ்வளவு பொந்து. கரையான் மண்ணாகக் கொட்டியது.

பிரதான், "நான் அப்போதே சொன்னேன்" என்றார். அவர் சொல்லவில்லை.

பேச்சி வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கிளை இருந்த இடத்தில் மே மாத வெயில் நேராக இட்லிப் பானைமேல் இறங்கியது. நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தாள்.

"என்ன யக்கா இப்பிடிப் பண்ணிட்டிய! நெழலு பூரா போச்சே. இனி வெயில்ல எவன் நின்னு தின்பான்?"

உயிரைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த நன்றி இது. ரமணி எங்கோ போய்ப் பெரிய குடை ஒன்றைக் கொண்டுவந்து வண்டியில் கட்டத் தொடங்கினார். அவர் காருக்கு இனி நிழலும் இல்லை, இடமும் இல்லை.

மரத்தில் இருந்தவர் சாயமும் பிரஷ்ஷும் கேட்டார். வெட்டிய இடத்தில் பூசுவது வழக்கமாம். வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஏன்? மருந்துதானே? சீக்கிரம் ஆறட்டுமே," என்றாள் விஜி.

"மரத்துக்குக் காயம் ஆறாது விஜி. நமக்கு மாதிரி பழைய எடத்துல புதுச் சதை வராது. வெட்டுன எடத்தச் சுத்திச் சுவர் மாதிரி கட்டி, கெட்டது உள்ள பரவாம அடைச்சுடும். அப்புறம் ஓரத்துலேருந்து புதுப் பட்டை மெல்ல மெல்ல வந்து மூடிக்கும். காயம் உள்ளயேதான் இருக்கும். அத வச்சுண்டே அது பாட்டுக்கு வளரும்." அவள் பாஷை எனக்கும் தொற்றியிருந்தது.

விஜி அண்ணாந்து அந்த வெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஈரமாக, வெளிர் மஞ்சளாக, வட்டமாக இருந்தது.

"இத மீட்டிங்ல சொல்லியிருக்கலாமேடி," என்றாள். "கால்சியம் கால்சியம்னு என்னமா அறுத்தே!"

நான் வாயைத் திறப்பதற்குள் குடைக்குக் கீழேயிருந்து பேச்சி கத்தினாள். "ரெண்டு பேரும் அங்கன என்ன பாத்துட்டு நிக்கிய? வாங்க, இட்லி ஆறுது!"